மூன்றரை மில்லிமீட்டர் பனி

சிம்லாவில் ஓர் இரவில் ஓரடிப் பனி விழுந்தால், மாதிரி ரயில் பலகையில் அதைக் காட்ட மூன்றரை மில்லிமீட்டர் போதும். எச்.ஓ. எனப்படும் மாதிரி ரயில் அளவு நிஜத்தை 87இல் ஒரு பங்காகச் சுருக்குவது. உலகம் முழுக்க அதிகம் பேர் கையாளும் அளவும் அதுதான். முப்பது சென்டிமீட்டரை 87ஆல் வகுத்தால் வருகிற அந்த மூன்றரையை, புதுக்கோட்டை கீழராஜவீதியை ஒட்டிய சந்தில் இருக்கும் தன் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார் மாஸ்டர். பக்கத்திலேயே இன்னொரு கணக்கும் உண்டு: இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்குப் பனி பூசினால் நிஜத்தில் அது ஒன்றே முக்கால் மீட்டர். ஆள் உயரம். அந்தப் பனியில் ரயில் ஓடாது; ஓடுவதாகக் காட்டினால் அது பொய்.

கல்யாண மேடை, பள்ளிக் கண்காட்சி மாடல், கோயில் திருவிழா அலங்காரம் என்று தெர்மாகோலும் பிளாஸ்டரும் புழங்கும் எல்லா வேலையும் செய்தவர் என்பதால் ஊரில் அவருக்கு மாஸ்டர் என்றே பெயர். பனி பெய்து அவர் பார்த்ததில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் யாரும் தங்கள் ஊரில் பார்த்திருக்க முடியாது. செம்பாறாங்கல்லும் கருவேலமும் தைலமரக் காடும் உள்ள வறண்ட பூமி இது. ஆனாலும் பனியைச் செய்து தரச் சொல்லிக் கேட்பவர்கள் இங்கே எப்போதும் இருந்திருக்கிறார்கள். கோயில் விழாவில் கயிலாயக் காட்சி வைத்தால் மலை வெள்ளையாக இருந்தாக வேண்டும். மார்கழித் தொடக்கத்தில் கிறிஸ்துமஸ் குடில் வேலை வரும். ஆவூரைப் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள் உள்ள மாவட்டம் இது. குடிலின் வைக்கோல் கூரையில் பஞ்சு போடச் சொல்வார்கள். நவராத்திரிக்குக் கொலுப்படி ஓரத்தில் மண் கொட்டி, கேழ்வரகும் கடுகும் தூவி முளைக்க வைத்துப் புல்வெளி ஆக்கி, நடுவில் குளத்துக்குக் கண்ணாடி பதித்து, சுற்றிப் பொம்மை ரயில் விடும் பழக்கம் நம் வீடுகளில் எத்தனையோ காலமாக இருக்கிறது. அமெரிக்கரும் ஐரோப்பியரும் நிலையான லேஅவுட்டாக வருடக்கணக்கில் கட்டுவதை நாம் ஒன்பது நாளுக்குக் கட்டிக் கலைக்கிறோம். மாஸ்டருக்கு ரயில் பைத்தியம் பிடித்ததும் அந்தக் கொலுப் பார்க்கில்தான்.

பஞ்சு குடிலுக்குச் சரி. ரயில் பலகைக்கு ஆகாது. கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் நார் நாராகத் தெரியும். எஞ்சின் சக்கர அச்சில் ஒரு இழை சுற்றிக்கொண்டால் மோட்டார் திணறும். தெர்மாகோல் உருண்டை இன்னும் மோசம். மூன்று மில்லிமீட்டர் உருண்டை எச்.ஓ. அளவில் இருபத்தாறு சென்டிமீட்டர் குண்டு. போதாக்குறைக்கு நிலைமின்சாரத்தால் வண்டி மேலெல்லாம் ஒட்டும். ஒரு மில்லிமீட்டர் மணல்கூட அந்த உலகத்தில் எட்டே முக்கால் சென்டிமீட்டர் கல்லாகிவிடும். ஆகவே பனிக்கு எடுக்கும் பொடி, விரலிடுக்கில் தேய்த்தால் நெறுநெறுப்புத் தெரியாத அளவுக்கு நைசாக இருந்தாக வேண்டும்.

மாதிரி ரயிலில் பனி செய்ய வேண்டும் என்று முதலில் கேட்டு வந்தவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். அவருக்கு வேண்டியது கல்கா–சிம்லா பாதை. "இங்கிலீஷ்காரன் ஊர்ப் பனி வேணாம் தம்பி, நம்ம ரயில் ஓடுற பனி வேணும்" என்றாராம். தேர்வு நல்ல தேர்வு என்பது அளவெடுத்தபோதே தெரிந்தது. 1903இல் திறந்த பாதை அது; 96 கிலோமீட்டரில் கல்காவின் 656 மீட்டரிலிருந்து சிம்லாவின் 2,000 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. நூற்றுக்கு மேற்பட்ட குகைகள், ரோமானியர் கட்டிய நீர்ப்பாலங்களைப் போல அடுக்கடுக்கான வளைவுப் பாலங்கள். 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தண்டவாள இடைவெளி 762 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் 8.76. சந்தையில் கிடைக்கும் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தை அப்படியே போட்டுவிடலாம், கால் மில்லிமீட்டர்தான் பிசகு.

வளைவில்தான் பெரிய லாபம். நம் அகலப்பாதையில் அனுமதிக்கும் மிகக் கூர்மையான வளைவுக்கு ஆரம் 175 மீட்டர், எச்.ஓ. அளவில் இரண்டு மீட்டர். வீட்டு அறையில் அதை வளைக்க இடம் ஏது? ஆகவே மாதிரி ரயில்காரர்கள் எல்லோருமே வளைவைக் குறுக்கிப் பொய் சொல்கிறார்கள். கல்கா–சிம்லாவின் கடும் வளைவுக்கு ஆரம் சுமார் 37.5 மீட்டர்தான். 87ஆல் வகுத்தால் 43 சென்டிமீட்டர். மூன்றடி அகலப் பலகையில் பொய்யே இல்லாமல் உட்காரும். பரோக் குகையை மட்டும் முழுதாகக் கட்ட முடியாது. 1,143 மீட்டர் நீளம் என்பதால் சின்ன அளவிலும் பதின்மூன்று மீட்டர் வேண்டும். வாசலைக் கட்டி உள்ளே இருட்டாக்கினால் போதும்.

பலகை, மலை, குகை, பாலம் எல்லாம் மற்ற லேஅவுட்டுக்குச் செய்கிற மாதிரிதான். தெர்மாகோல் பலகையை அடுக்கி, கத்தியால் சீவி மலை உருவம் கொண்டுவருவார். அதன்மேல் எலும்பு முறிவுக்குப் போடுகிற மாவுக்கட்டுத் துணியைத் தண்ணீரில் நனைத்து ஒட்டுவார். ஜிப்சத்தைச் சுட்டால் கிடைப்பது பிளாஸ்டர் ஆப் பாரிஸ். அதைத் தடவிய துணிதான் மாவுக்கட்டு. மருந்துக்கடையில் கிடைக்கும், சீக்கிரம் இறுகும், லேசாக இருக்கும். பாறை முகத்துக்குச் சாம்பல், பழுப்பு, கருப்பு என்று தண்ணீராகக் கரைத்த சாயம் மேலிருந்து வழியவிடுவார். தரைக்கு நம்மூர்ச் செம்மண்ணைச் சலித்து ஒட்டுவார். அதற்கு முன் ஒரு வேலை உண்டு. செம்பாறாங்கல் பூமியின் மண்ணில் இரும்பு அதிகம். காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மண்ணுக்குள் துழாவினால் கரும்பொடி ஒட்டிக்கொண்டு வரும். அதை நீக்காமல் போட்டால் எஞ்சின் மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் அந்தத் துகளை இழுத்து வைத்துக்கொள்ளும்.

பனி போர்த்தப் போகிற மலைக்கு இவ்வளவு மண்ணும் புல்லும் எதற்கு என்று பட்டறைப் பையன்கள் கேட்பது வழக்கம். பனி விழுந்த பிறகும் நிலம் தெரிகிறது என்பதுதான் அதற்கு மாஸ்டர் சொல்லும் பதில். மரத்தடியில் தெரியும், பாறைச் சரிவில் தெரியும், தண்டவாள ஓரத்தில் ஜல்லியாகத் தெரியும். வெள்ளைத் துணி போர்த்தியதுபோல் முழுக்க மூடிய பலகை பனிபோல் இருப்பதில்லை. நிலத்தை முதலில் நிலமாகவே கட்டி முடித்து, பிறகு அதன்மேல் பனி பெய்யவிட வேண்டும். இந்த ஒரு வரிசையை மாற்றாமல் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது என்பது அவர் தீர்மானம். அவர் சொல்வது சரி என்றே எனக்கும் படுகிறது. நான் பார்த்த நல்ல பனி லேஅவுட் படங்கள் எல்லாவற்றிலும் பழுப்பு தெரிகிறது.

சரி, எந்தப் பொடி?

அரிசி மாவு ஒரே வாரத்தில் எறும்பையும் வண்டையும் கூட்டிவரும். உப்பு ஈரத்தை இழுத்துக் கசியும், தண்டவாளத்தைத் தின்னும். சுண்ணாம்பு கையை அரிக்கும். முகப்பவுடர் நைஸ்தான், ஆனால் பறக்கும்; பசையில் விழுந்தால் மாவுபோல் குழைந்து போகும். வெளிநாட்டுப் புத்தகங்கள் பலவும் சொல்வது சமையல் சோடா. அங்கே உலர்ந்த நிலவறையில் அது நிற்கிறது. இங்கே ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், அதுவும் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்துக் கடற்காற்று அடிக்கிற வீட்டில், சோடா ஈரம் வாங்கிக் கட்டிதட்டும். ஆணித் தலையில் துரு ஏறி வெள்ளையில் மஞ்சள் வளையம் விழும். மாஸ்டர் அதைத் தொடுவதில்லை.

அவர் கைக்கொண்டது கோலமாவு. தெருவில் தள்ளுவண்டியில் படி கணக்கில் வருகிற வெள்ளைக் கல்மாவு. வண்டுக்கு அதில் வேலையில்லை, ஈரத்தில் கரையாது, மஞ்சளாகாது. பனி நிறத்துக்கு வெகு அருகில் இருக்கிறது. விலையோ சொல்லவே வேண்டாம். ஆனால் கோலமாவு என்று விற்பதெல்லாம் ஒரே கல் இல்லை. சிலது சுண்ணாம்புக்கல் வகை, சிலது வெங்கச்சங்கல் பொடி. பிரித்தறிய அவர் ஒரு சிட்டிகை மாவில் எலுமிச்சைச் சாறு விடுவார். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புக்கல், எடுத்துக்கொள்வார். சும்மா கிடந்தால் சிலிக்கா. அதன் நைஸான தூசி நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் கொண்டுவரும். கல்குவாரி நிறைந்த மாவட்டத்தில் அந்த நோயின் பெயரைத் தெரியாதவர்கள் குறைவு. நுரைக்கிற மாவு என்றாலும் முகக்கவசம் இல்லாமல் பட்டறையில் யாரும் சல்லடையைத் தொடக்கூடாது. இந்த விஷயத்தில் அவர் கடுமையானவர்; அந்தக் கடுமை நியாயமானது. 1930களில் அமெரிக்கக் கடைகளில் வீட்டு அலங்காரத்துக்கான செயற்கைப் பனி என்று கல்நாரை, அதாவது ஆஸ்பெஸ்டாஸை, டப்பாவில் அடைத்து விற்றார்கள். 1939இல் வந்த 'தி விசர்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் நடிகர்கள் தலையில் கொட்டிய பனியும் அதுதான். வெள்ளையாக, லேசாக, நெருப்புப் பிடிக்காமல் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டவர்களுக்கு அது நுரையீரலை என்ன செய்யும் என்பது பிறகுதான் தெரிந்தது.

வாங்கிய மாவு அப்படியே உதவாது. சித்த மருந்து செய்பவர்கள் சூரணத்தை வஸ்திரகாயம் செய்வார்கள் அல்லவா, அதே முறைதான். பாத்திரத்தின் வாயில் மல்துணியை இழுத்துக் கட்டி, மாவைப் போட்டு விரலால் மெல்லத் தடவ, கீழே இறங்குவது பனி. மேலே தங்குவது வாசலுக்கு. அப்படி இறங்கிய மாவோடு நுண்ணிய அப்பிரகப் பொடி ஒரு சிட்டிகை சேர்ப்பார். வெயில் படும் பனியில் ஊசிமுனை அளவுக்கு மின்னுவது அதிலிருந்து வரும். கடையில் விற்கும் ஜிகினாவைப் போடுவதே இல்லை. அரை மில்லிமீட்டர் ஜிகினாத் துண்டு அந்த உலகத்தில் நாலு சென்டிமீட்டர் கண்ணாடிச் சில்லு.

நிறம் அடுத்த கேள்வி. பனித்துகள் நிறமற்ற பனிக்கட்டிதான். எண்ணற்ற முகங்களில் ஒளி பட்டுச் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் திருப்பியனுப்பிவிடும். பனிக்கட்டி சிவப்பு ஒளியைக் கொஞ்சம் கூடுதலாக விழுங்கும் என்பதால் ஆழமான பள்ளத்திலும் பிளவிலும் நீலம் தட்டும். நிழலில் வானத்தின் நீலம் படும். இதைக் கேட்டதும் மாஸ்டருக்கு நினைவு வந்தது சுவருக்கு வெள்ளையடிக்கிற வேலை. சுண்ணாம்பில் துளி நீலம் கலந்தால்தான் சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும் என்பது வெள்ளையடிப்பவர்கள் எல்லோரும் அறிந்தது. அதே நீலப்பொடியை வெளிச்சுவர் வெள்ளை எமல்ஷனில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கலந்து அடிப்பூச்சு கொடுக்கிறார். பள்ளங்களுக்கு இன்னும் துளி கூட்டுவார். சொட்டு நீலம் கூடாது. அது ஊதாவாக ஊறிப் பரவும்.

பிறகுதான் பனி பெய்கிறது. அதற்கு அவர் ஒதுக்குவது விடியற்காலை.

காரணம் மின்விசிறி. விசிறி ஓடினால் மாவு பறக்கும், நிறுத்தினால் பங்குனி சித்திரையில் அறை கொதிக்கும். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை பலகையில் விழுந்தால் அந்த இடத்தில் குழி விழுந்துவிடும். தண்ணீர் கலந்த பெவிக்கால் வேறு, மாவு தூவுவதற்குள் காய்ந்து போகும். ஆகவே பொழுது விடியுமுன் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்காருகிறார்கள். நெற்றியில் துண்டு, முகத்தில் கவசம். பசையில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டிருப்பார். அது இல்லாவிட்டால் பசை முத்து முத்தாக உருண்டு நிற்குமே தவிரப் பரவாது. உள்ளங்கை அகலத்துக்குப் பசை தடவு, டீ வடிகட்டியில் மாவை எடு, வடிகட்டி விளிம்பை விரலால் தட்டு. இரண்டடி உயரத்திலிருந்து தட்ட வேண்டும். பக்கத்தில் வைத்துத் தட்டினால் குவியும்; உயரத்திலிருந்து தட்டினால் தானாகவே பனி எங்கே தங்குமோ அங்கே தங்கும். செங்குத்தாக நிற்கும் பாறையில் தங்காது, அதன் விளிம்பில் தங்கும். வேலிக் கம்பி மேல் கோடாக நிற்கும். கூரை ஓடுகளின் மேல் படியும், தாழ்வாரத்துக்குள் போகாது. தூரிகையால் வரைந்து கொண்டுவர முடியாத ஒழுங்கு அது. மாவு விழுகிற விதி பனி விழுகிற விதிக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் இந்தத் தொழிலின் ஆதாரம். பனியைப் பார்க்காதவர் பனி செய்ய முடிவதும் அதனால்தான்.

முதல் தூவல் காய்ந்ததும் மருத்துவமனை ஸ்பிரிட்டைத் தெளிப்பானில் புகைபோல் அடித்து, அதன்மேல் மெல்லிய பசை நீர். மறுபடி ஒரு தூவல். தடிமன் வேண்டிய இடத்தில், சாலையோரக் குவியல் போன்றவற்றில், வெள்ளைச் சிமென்ட் பட்டியை முதலில் தடவி உருவம் கொடுத்துவிட்டு மேலே மாவு.

கல்கா–சிம்லாப் பலகையில் அவர் முதலில் குறித்தது வடக்கு எந்தப் பக்கம் என்பதை. நம் அரைக்கோளத்தில் குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்தே போகும். தெற்கு பார்த்த சரிவில் பனி சீக்கிரம் உருகும், வடக்குச் சரிவில் நிழலில் நாள் கணக்கில் கிடக்கும். சிம்லாவில் லக்கர் பஜார் பக்கம் 1920 முதல் நடக்கும் திறந்தவெளிப் பனிச்சறுக்குத் தளம் இரவுக் குளிரில் இயற்கையாக உறையும் தண்ணீரையே நம்பி இருக்கிறது. மலைநிழல் விழாத இடத்தில் அது நடக்காது. பலகையிலும் அப்படியே. பாதைக்குத் தெற்கு முகமான சரிவில் புல்லும் பாறையும் பாதிக்குமேல் தெரியும். எதிர்ச்சரிவு முழு வெள்ளை. இந்த ஒரு வேறுபாடு இருந்தால் பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாமலே காட்சி நம்பும்படி ஆகிவிடுகிறது.

அப்புறம் சூடு. ஆள் இருக்கிற வீட்டின் புகைபோக்கியைச் சுற்றிப் பனி இருக்காது. அந்தச் சூட்டில் உருகிய நீர்தான் கூரை விளிம்பில் மறுபடி உறைந்து விழுதாகத் தொங்கும். பூட்டிக் கிடக்கிற கிடங்கின் கூரையில் பனி முழுசாக இருக்கும், விழுது இருக்காது. விழுதுகளை அவர் செய்வது ஒளி ஊடுருவும் பேனாக் குழலில். மெழுகுவத்திச் சுடருக்கு மேலே, சுடர் படாமல், குழலைச் சுழற்றிக் காட்டி, இளகியதும் இரு முனையையும் இழுத்தால் தலைமுடி அளவுக்கு நீளும். அதை மூன்று மில்லிமீட்டரை ஒட்டிய துண்டுகளாக வெட்டி, இடுக்கியால் ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். ஒரு ஸ்டேஷன் கூரைக்கு ஒரு முழுச் சாயங்காலம் போகும். நீளம் ஒன்றுபோல் இருக்கக்கூடாது. கூரை மடிப்பு சேரும் மூலையில் நீளமாகவும் மற்ற இடத்தில் குட்டையாகவும் இருக்க வேண்டும், தண்ணீர் அங்கேதான் அதிகம் வடியும்.

தேவதாரு மரங்களுக்குத் தேங்காய் நார். இரண்டு கம்பிக்கிடையில் நாரைப் பரப்பி முறுக்கினால் பாட்டில் கழுவும் பிரஷ்போல வரும். கத்தரியால் கூம்பாக வெட்டிப் பச்சை அடித்தால் பைன் மரம். தேவதாருவுக்கு அது போதாது. அதன் கிளைகள் தட்டுத் தட்டாகப் படுக்கையாக நீண்டு நுனி தொங்கும். ஆகவே தட்டுகளுக்கிடையே கத்தரியை விட்டு இடைவெளி வெட்டுகிறார். அந்தத் தட்டுகளின் மேற்புறத்தில் மட்டும் மாவு, அடிப்புறம் கரும்பச்சை. முப்பது மீட்டர் மரத்துக்கு முப்பத்து நாலு சென்டிமீட்டர் கணக்கு வரும். அப்படி வைத்தால் ரயிலைக் கண் தேட வேண்டியிருக்கும் என்பதால் முன்வரிசையில் பாதியாகக் குறைத்து, பின்னால் போகப் போக இன்னும் சிறிதாக்குவார். இங்கே மட்டும் அளவை விட்டுக்கொடுக்கிறார்.

ரயில் ஓடும் இடத்தில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. மாதிரி ரயிலுக்கு மின்சாரம் தண்டவாளம் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது, பெரும்பாலும் 12 வோல்ட். தண்டவாளத்தின் தலையில் ஒரு படலம் பசையோ மாவோ இருந்தால் எஞ்சின் விக்கி நிற்கும். தூவுமுன் தண்டவாளத் தலைமீது மெல்லிய காகித டேப் ஒட்டிவிடுவார்கள். கட்டைகளுக்கிடையே போடும் பனி தண்டவாளத் தலையைவிடத் தாழ்வாகவும், சக்கர விளிம்பு ஓடும் உட்பள்ளம் சுத்தமாகவும் இருக்க வேண்டும். தண்டவாளம் பிரியும் பாயின்ட்ஸ் இருக்கும் இடத்தில் தூவலே கிடையாது. வெறும் வெள்ளைச் சாயம் தொட்டு வைப்பதோடு சரி. நிஜப் பாதையிலும் பாயின்ட்ஸில் பனி அடைத்தால் தகடு நகராது, ஆட்கள் முதலில் அதைத்தான் சுத்தம் செய்வார்கள். ஆகவே வெறுமையாக விட்டாலும் அது உண்மைதான். தண்டவாளத்துக்கு நடுவே பனி வெளுப்பாக இருக்காது. பிரேக் கட்டைத் துகளும் எண்ணெயும் புகையும் சேர்ந்து பழுப்பும் சாம்பலுமாகக் கிடக்கும். காய்ந்த தூரிகையில் துளி துருச்சாயம் தொட்டு இழுத்தால் அது வந்துவிடும். எல்லாம் முடிந்தபின் வாக்குவம் கிளீனர் குழாயின் வாயில் பழைய சாக்ஸ் துணியைக் கட்டி ஒட்டாத மாவையெல்லாம் உறிஞ்சி, தண்டவாளத்தை ஸ்பிரிட் துணியால் துடைத்து, பழைய எஞ்சின் ஒன்றை முதலில் ஓட்டிப் பார்ப்பார். புது வண்டி அதற்குப் பிறகுதான் பலகைக்கு வரும்.

ஒரு வாடிக்கையாளர் ஊட்டி ரயிலைப் பனியோடு கேட்டார். மாஸ்டர் மறுத்துவிட்டார் என்று சொல்வது பாதி உண்மைதான். ஊட்டியில் விழுவது உறைபனி. டிசம்பர், ஜனவரியில் காற்றில்லாத தெளிந்த இரவுகளில், குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். தலைகுந்தா போன்ற தாழ்வான புல்வெளிகளில் புல் நுனி வெளுக்கும். மேட்டில் நிற்கும் மரத்தில் ஒன்றும் இருக்காது. வெயில் ஏறினால் கரைந்துவிடும். அதை அவர் விடியுமுன் போய் நின்று கண்ணால் பார்த்திருக்கிறார். ஆகவே அந்தப் பலகையில் கூரைக்கும் தேயிலைக்கும் மேட்டுக்கும் ஒரு தூவல்கூட இல்லை. பள்ளத்துப் புல்லுக்கு மட்டும், பசைக்குப் பதில் தெளிப்பானில் ஒரு மூச்சு வார்னிஷ், அதன்மேல் வஸ்திரகாயம் செய்த மாவு ஒரே தட்டு. நிழல் விழும் இடத்தில் வெள்ளை, வெயில் தொட்ட இடத்தில் பச்சை. அந்த வெளிச்சக்கோட்டைக் காட்ட விளக்கைக்கூடப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தார். அதில் ஓடுவது மீட்டர் கேஜ், எச்.ஓ. அளவில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம். 1908இல் ஊட்டி வரை வந்த பாதை. அந்தப் பாதைக்கான நீராவி எஞ்சின்கள் ஒரு காலத்தில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்து வந்தன. பிற்காலத்தில் நமக்குப் பக்கத்திலிருக்கும் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகக் கட்டினார்கள். என் பார்வையில் மாஸ்டர் செய்ததில் சிறந்தது அந்தப் பலகைதான். சிம்லாப் பலகையைப் பார்த்தவர்கள் பனியைப் புகழ்கிறார்கள். ஊட்டிப் பலகையைப் பார்த்தவர்கள் காலை மணி ஏழு இருக்குமா என்று கேட்கிறார்கள்.

விளக்கு பற்றி ஒன்று. மஞ்சள் பல்பின் கீழ் எந்தப் பனியும் அழுக்காகத் தெரியும். பகல் வெளிச்ச எல்.ஈ.டி. வேண்டும், அதுவும் நேர் மேலேயிருந்து அல்ல. உச்சி வெளிச்சத்தில் மேடு பள்ளம் மறைந்து பனி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். சாய்ந்த வெளிச்சத்தில்தான் காலடித் தடமும் காற்று குவித்த மேடும் எழுந்து நிற்கும். பின்னணித் திரையைச் சாம்பலாக வரைந்தால் பனி பெய்யும் நாள்; ஆழ்ந்த நீலமாக வரைந்தால் பெய்து ஓய்ந்த மறுநாள். இரண்டில் எது என்று முதலிலேயே முடிவு செய்யாமல் பனியைத் தொடக்கூடாது. பெய்யும் நாளில் மரமெல்லாம் வெள்ளை. மறுநாள் காற்றில் கிளை உதறி, அடியில் குழி குழியாகக் கிடக்கும்.

உலகில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது ஹாம்பர்க் நகரின் மினியேச்சர் வுண்டர்லாண்ட். பிரடெரிக், கெரிட் பிரவுன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2001இல் தொடங்கியது. 2005இல் சேர்த்த ஸ்காண்டிநேவியப் பகுதியில் வடக்கு ஸ்வீடனின் பனிக்காடு வழியாகத் தாது ரயில்கள் ஓடுகின்றன. அந்தப் படங்களை மாஸ்டர் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். நம் நாட்டில் புனேயில் 1998இல் திறந்த ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் உண்டு. ரயில் பிடித்த பிள்ளைகள் உள்ள குடும்பம் அந்தப் பக்கம் போனால் தவறவிடக்கூடாத இடம். பனிக்கு நம் நாட்டிலேயே புதுக்களமும் திறந்திருக்கிறது. 2013இல் பனிஹால்–காஸிகுண்ட் இடையே 11 கிலோமீட்டர் பீர்பாஞ்சால் குகை ஓட்டத்துக்கு வந்தது. 2025 ஜூனில், ஆற்றுமட்டத்திலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலம் வழியாகக் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு நாட்டின் மற்ற ரயில் பாதைகளோடு இணைந்தது. அகலப்பாதையில், அகலப் பள்ளத்தாக்கில், இலையுதிர்ந்த பாப்ளார் மரங்களுக்கிடையே நம் ரயில் பனியில் ஓடுகிறது. மாஸ்டரின் அடுத்த பலகை அதுதான். பாப்ளாருக்குத் துடைப்பக் குச்சி சரிவருமா என்று இப்போது வெட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு அவர் சொல்வது இவ்வளவுதான்: பெரிய மலையில் தொடங்க வேண்டாம். ஓரடிப் பலகை, அதே நீளத்துக்குத் தண்டவாளம், ஒரு குடிசை, இரண்டு மரம். நுரைக்கிற கோலமாவு ஒரு படி, மல்துணி, டீ வடிகட்டி, பெவிக்கால். வடக்கு எது, மணி என்ன, பெய்கிற நாளா பெய்த மறுநாளா என்று பலகையின் அடியில் பென்சிலால் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். முகக்கவசத்தை மறக்காதீர்கள், பிள்ளைகளைத் தூவலின்போது வெளியே அனுப்பிவிடுங்கள். வருகிற நவராத்திரிக் கொலுவில் கயிலாய மலைக்குப் பக்கத்தில் அந்தப் பலகைக்கு இடம் இருக்கும். பஞ்சை இந்த வருடம் எடுத்து வைத்துவிடலாம்.